பன்னிரண்டு என்றால் எவ்வளவு தூரம்

துறைமுக வயர்லெஸ் அறையில் உட்கார்ந்திருப்பவளுக்குப் படகுக்காரர்கள் வைத்த பெயர் 'எந்த மைல் அக்கா'. எவன் எந்த எண்ணைச் சொன்னாலும், கடல் மைலா கிலோமீட்டரா, வாயைத் திறந்து சொல் என்று பிடித்துக்கொள்வாள். அக்கா ஆரம்பித்துவிட்டாள் என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அவள் வயிற்றெரிச்சல் அவளுக்கு.

கடலில் தூரத்துக்குக் கடல் மைல், வேகத்துக்கு நாட். வேறு கணக்கு கிடையாது என்பதால் எண்ணை மட்டும் சொல்வதுதான் அங்கே வழக்கம். அவள் புருஷனும் அப்படித்தான். கப்பல்களுக்குச் சாமான் ஏற்றிப்போகும் லாஞ்சு அவனுடையது. போன வருஷம் ஒருநாள், மூடுபனியில் கரை தெரியாமல் திரும்பும்போது கூப்பிட்டான்.

"நேர் கிழக்கே பன்னெண்டுல நிக்கிறேன். இன்ஜின் போச்சு, தண்ணி ஏறுது."

வெளிக்கடலில் சுற்றிக்கொண்டிருந்த மீட்புப் படகை அவள்தான் பன்னிரண்டாம் கடல் மைலுக்குத் திருப்பிவிட்டாள். இருட்டும்வரை அங்கேயே தேடினார்கள். மறுநாள் பாதி மூழ்கிய லாஞ்சு கிடைத்தது. அவன் கிடைக்கவில்லை. ஓட்டியவர் தூரத்தைத் தப்பாகச் சொல்லிவிட்டார் என்று விசாரணையை முடித்தார்கள்.

லாஞ்சிலிருந்து கழற்றிக்கொண்டு வந்த, திசையும் தூரமும் காட்டும் ஜி.பி.எஸ். கருவியை வீட்டில் போட்டுப் பார்த்தாள். திரையின் மூலையில் பொடி எழுத்தில் கிலோமீட்டர். ஒரு கடல் மைல் கிட்டத்தட்ட இரண்டு கிலோமீட்டர். பாவி மனிதன் அவர்கள் தேடியதில் பாதி தூரத்தில், பக்கத்திலேயே கிடந்திருக்கிறான். முழங்காலுக்குத் தண்ணீர் ஏறும்போது மூலையில் இருக்கும் பொடி எழுத்தை யார் பார்ப்பார்கள்?

விபத்துக்கு முந்தின நாள் லாஞ்சை ஓட்டிப் பார்த்தது மருமகன். கூப்பிட்டுக் கேட்டாள். அவன் தலை நிமிராமலே சொன்னான்.

"எனக்குப் புரியற மாதிரி மாத்தி வச்சேன் அத்தை. மாமாகிட்ட சொல்ல மறந்துட்டேன்."

கொன்றுபோடலாம் போல ஆத்திரம் வந்தது அவளுக்கு. அதற்குள் மகள், நிறைமாத வயிற்றைத் தாங்கிக்கொண்டு கதவருகே வந்து நின்றாள். என்ன ரகசியம் என்று கேட்டாள். மருமகனுக்கு முகத்தில் ஈயாடவில்லை.

"ஒண்ணுமில்லம்மா," என்றாள் அவள். "அப்பாவுக்குக் கண்ணு மங்கிப்போச்சு, நம்பரைத் தப்பாப் படிச்சுட்டாருன்னு பேசிட்டிருந்தோம்."

மருமகன் ஆமாம் என்று தலையாட்டினான்.