கண்ணைக் கட்டிக் குடிக்கும் நாள்

ஜெர்மனியில், ஃபோர்க்ஹைம் பக்கத்தில் மலையடிவாரத்து ஊர் ஒன்றில் முப்பத்தெட்டு வருடமாகத் தபால் போடுகிறவர் ஆல்பன். வயது அறுபத்தொன்று. யார் வீட்டில் வெங்காய அடை வேகிறது, யார் வீட்டில் முட்டைக்கோஸ் அடிப்பிடித்தது என்பதெல்லாம் படலைத் திறக்கும்போதே அவருக்குத் தெரியும். கடவுள் அவருக்கு அழகைக் கொடுக்க மூக்கில் ஆரம்பித்து மூக்கோடு நிறுத்திவிட்டார் என்று அவர் மனைவி ரோஸ்விதா சொல்வாள். ஊரில் பியர் காய்ச்சும் இடம் இரண்டு. மண்குவளையை ஒருமுறை மோந்துவிட்டு எந்த இடத்துச் சரக்கு, எத்தனை நாள் பழசு என்று சொல்லிவிடுவார். அவர் தலையாட்டிய பிறகுதான் பியர்க்கடையில் அவர்கள் கூட்டம் உட்காரும் மேசையில் மற்றவர்கள் குவளையைத் தூக்குவார்கள்.

அந்த மூக்கு ஆகஸ்ட் மாதம் அவரைக் கைவிட்டது.

கோடையில் ஒரு வாரம் புருஷனும் பெண்டாட்டியும் ரயிலேறி எங்காவது போய்க் குடித்துவிட்டு வருவது வழக்கம். கொலோனில், போதும் என்று அட்டையை எடுத்துக் கிளாஸ் மேல் மூடும்வரை பரிசாரகன் புதிது புதிதாக வைத்துக்கொண்டே போவான்; அங்கே ஒருமுறை ரோஸ்விதா ஆல்பனை ஜெயித்திருக்கிறாள். இந்த வருடம் லைப்சிக். அந்த ஊர் கோஸே பியர் உப்பும் புளிப்புமாக, கொத்தமல்லி விதை மணக்க இருக்கும். ஆல்பன் குடித்தார். உப்பு இருந்தது. புளிப்பு இருந்தது.

"கொத்தமல்லி போட மறந்துட்டானுங்க போல," என்றார்.

"எனக்குக் கமகமன்னு இருக்கே. ரயில்ல ஜன்னலோரம் தூங்கினேல்ல, அதான் மூக்கு அடைச்சிருக்கும்," என்றாள் ரோஸ்விதா.

அன்று விடுதிக் குளியலறையில் கதவைத் தாழிட்டுக்கொண்டு சோப்பை மூக்கில் தேய்க்காத குறையாக மோந்தார். கல்லை மோந்த மாதிரி இருந்தது. ஊருக்கு வந்ததும் வெங்காயம், காபித் தூள், பூட்ஸ் பாலீஷ், நாயின் கழுத்து என்று திருடனைப் போல வீடு முழுக்க மோந்து பார்த்தார். எதிலும் ஒன்றுமில்லை.

வேறு யாராவது என்றால் மறுநாளே டாக்டரிடம் போயிருப்பார்கள். ஆல்பன் போகவில்லை. டாக்டர் என்ன சொல்லுவார் என்பது தனக்கே தெரியும் என்று நினைத்தார். அவருடைய அப்பாவுக்கு இப்படித்தான் ஆரம்பித்தது. ஒருநாள் காலை ரொட்டியை மோந்துவிட்டு, "இதுல வாசனையே இல்லியே," என்றார் கிழவர். இரண்டு வருடத்தில் கரண்டி தட்டில் தட்டத் தொடங்கியது; நடுக்குவாதம் என்றார் டாக்டர். அப்புறம் கை, அப்புறம் நடை. கடைசியில் முகம் மரக்கட்டை மாதிரி இறுகிப்போய், சிரிக்கிறாரா அழுகிறாரா என்றே தெரியாது. ஏழு வருடம் மாடியறையில் அவருக்குக் கஞ்சி ஊட்டி, துணி மாற்றி, தூக்கி உட்கார வைத்தவள் ரோஸ்விதா. கிழவரைப் புதைத்துவிட்டு வந்த அன்று அவள் அந்த அறை ஜன்னலைத் திறந்து வைத்து, இனி என் ஆயுசுக்கு இது போதும் என்று சொன்னாள். அழக்கூட இல்லை.

அவளிடம் போய் எப்படிச் சொல்வது? காலையில் கண் விழித்ததும் அவர் செய்யும் முதல் வேலை, போர்வைக்கு வெளியே வலது கையை நீட்டி, நடுங்குகிறதா என்று பார்ப்பது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் வேலை இரண்டு மாதம் நடந்தது. மேசையில் குவளையை மோப்பது போல் மூக்கருகே வைத்துக்கொள்வார். ஓரக்கண்ணால் பரிமாறும் செண்டாவின் முகத்தைப் பார்ப்பார். அவள் முகம் மலர்ந்திருந்தால் இவரும் தலையாட்டுவார். செண்டாதான் கடைக்காரி, அவளுக்குத் தன் சரக்கின் மேல் என்றுமே முகம் மலர்ச்சிதான். ஆகவே ஆல்பன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

ஆனால் அக்டோபர் வந்துவிட்டது. அந்த வருடத்துக் கனமான போக் பியரின் பீப்பாயைத் திறக்கும் சனிக்கிழமை, அவர்கள் மேசையில் ஒரு பழக்கம் உண்டு. ஒருவர் கண்ணைக் கட்டி, ஐந்து குவளை வைப்பார்கள். பெயர் சொல்ல வேண்டும். பதினோரு வருடமாக ஜெயித்தவர் ஆல்பன். பகல் இரண்டு மணிக்கே மேசை நிறைந்துவிட்டது.

"என்னடா, முகம் பேயறைஞ்ச மாதிரி இருக்கு?" என்றான் கங்கோல்ஃப். கசாப்புக்கடைக்காரன், ஆல்பனோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. "தோத்துருவோம்னு பயமா கிழவா?"

"உன் தொத்திறைச்சியைத் தின்னுட்டே உயிரோட இருக்கேன். எனக்கென்ன பயம்?"

மேசை சிரித்தது. ரோஸ்விதா தன் கழுத்துத் துணியை அவிழ்த்து அவர் கண்ணைக் கட்டினாள். ஒன்று தப்பினால் கங்கோல்ஃப் ஒரு வருடம் கேலி பேசுவான், பேசட்டும். ரோஸ்விதா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாளே, அதுதான் பயம்.

முதல் குவளை. வாய் நிறைய நுரை, மாவு மாதிரி ஒரு கொழகொழப்பு. "கோதுமை," என்றார். மேசையைத் தட்டினார்கள். இரண்டாவது தொண்டையில் கசந்தது. "பில்ஸ்." மூன்றாவதில் உப்பு. லைப்சிக்கிலிருந்து அவரே சுமந்து வந்த பாட்டில். நான்காவது தித்தித்தது, இறங்கும்போது நெஞ்சில் சுட்டது. "இன்னிக்குத் திறந்த போக்," என்றார்.

"இவன் செத்தாலும் மூக்கை மட்டும் பத்திரமா எடுத்து வைக்கணும்டா," என்றான் கங்கோல்ஃப்.

ஆல்பனுக்கு மூச்சு வந்தது. நாக்கே போதும் போலிருக்கிறதே, மூக்கில்லாமலே காலம் தள்ளிவிடலாம் போலிருக்கிறதே என்று ஒரு நப்பாசை. ஐந்தாவதைத் தூக்கினார். அவ்வளவு கனமில்லை, கசப்பும் அதிகமில்லை, லேசாக ஒரு தித்திப்பு. கை தேர்ந்தவர் போல இன்னொரு வாய் குடித்தார்.

"கறுப்பு. சாதாரணக் கறுப்பு பியர். நம்ம ஊருதுதான்."

யாரும் மேசையைத் தட்டவில்லை.

செண்டாதான் முதலில் வாயைத் திறந்தாள். "ஆல்பன், விளையாடுறியா?"

"டேய்," என்றான் கங்கோல்ஃப். அவன் குரலில் கேலி இல்லை. "அது பாம்பெர்க் புகைப் பியர்டா. உனக்குச் சுலபமா இருக்கட்டும்னுதான் கடைசியா வெச்சேன்."

பொசுக்கிய பன்றித் தொடை மாதிரி மேசை முழுக்கப் புகை மணக்கும் பியர் அது. இந்தப் பக்கத்தில் பிறந்த பால்குடிப் பிள்ளைகூட அதைத் தவறவிடாது. அவர் கண்கட்டை அவிழ்க்கவில்லை. அவிழ்த்தால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

"அவருக்குச் சளி," என்றாள் ரோஸ்விதா. சத்தமாக, சாதாரணமாக. "நாலு நாளா மூக்கடைப்பு. இந்த வருஷம் வேணாம்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன், கேட்டாத்தானே."

"அதைச் சொல்றதுக்கென்ன?" கங்கோல்ஃபுக்கு உயிர் வந்தது. "அப்ப இது செல்லாது. செண்டா, எல்லாருக்கும் போக் ஊத்து."

குவளைகள் இடித்தன, பேச்சு வேறெங்கோ போயிற்று. ஆல்பனுக்குச் சளி பிடித்து இரண்டு வருடமாகிறது. அது மேசையில் இன்னொருவருக்குத்தான் தெரியும்.

அவள் வாய் அவர் காதருகே வந்தது. "எப்பலேருந்து?"

"ஆகஸ்ட்."

"லைப்சிக்லேயே?"

அவர் தலையாட்டினார். மேசைக்கடியில் அவர் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். இரண்டு மாதமாகக் காலைதோறும் பயந்து பயந்து பார்த்த அந்தக் கை ஆடாமல் இருந்தது. அவள் கைதான் நடுங்கியது.