வண்டலூரில் வியாழன்

தாம்பரத்தில் யாரிடமும் தூரம் கேட்காதீர்கள். கேட்டால் ஸ்டேஷன் சொல்வார்கள். நல்ல தையல் கடை எங்கே என்றால், "குரோம்பேட்டைல, ரெண்டு ஸ்டேஷன்தான்." பல் டாக்டர் என்றால், "பல்லாவரம், மூணாவது ஸ்டேஷன்." கிலோமீட்டர் கேட்டால் நம்மை ஒரு மாதிரி பார்ப்பார்கள். மலேசியாவில் எங்கள் சுங்கைப்பட்டாணியில் எல்லாவற்றுக்கும் கார் நிமிடம்தான் கணக்கு. பதினைந்து நிமிடம் என்றால் பக்கம், அதற்கு மேல் போனால் பயணம். கணவரின் ஊர் தாம்பரம், அவருக்கு வேலை ஒரகடத்தில் கிடைத்தது, மூன்று வருடத்துக்கு முன் மகள் யாழினியோடு இங்கே வந்துவிட்டோம். இந்த ஸ்டேஷன் கணக்கு இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் ஒரு வெள்ளிக்கிழமை அதுதான் எங்களைக் காப்பாற்றியது.

யாழினி பள்ளிக்குப் போவதில்லை. முதல் மாதமே வகுப்பு ஆசிரியையிடம் மரியாதையாக, "பசியாறிட்டீங்களா டீச்சர்?" என்று கேட்டிருக்கிறாள். காலைப் பலகாரம் சாப்பிட்டாச்சா என்று நம் மலேசியாவில் யாரைப் பார்த்தாலும் கேட்பதுதானே! இங்கே வகுப்பே விழுந்து விழுந்து சிரித்ததாம். அதற்குப் பிறகு அவள் பள்ளியில் வாயே திறக்கவில்லை. அடுத்த தெரு ஷீலா அக்கா, முன்னாள் கணக்கு டீச்சர், தன் இரட்டையர் ஜோயலையும் ஜெனியையும் வீட்டிலேயே படிக்க வைப்பவர். யாழினியையும் சேர்த்துக்கொண்டார். அவர் தமிழும் கணக்கும் எடுப்பார், வெள்ளிதோறும் நான் அறிவியல். இந்த ஊரில் என் மகளுக்கு இருந்த சிநேகிதர்கள் அந்த இரண்டே பேர்.

என் அறிவியல் லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். எரிமலைப் பாடத்தில் ஷீலா அக்காவின் ஜன்னல் திரை சிவப்பாகிவிட்டது. காந்தப் பாடத்தில் அவர் கைக்கடிகாரம் நின்றுபோனது. மனுஷி ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. "ஆன்லைன்ல ஒரு ஸ்பேஸ் கோர்ஸ் இருக்காம்மா. சயின்ஸ மட்டும் அதுல போட்டுடலாமான்னு பாக்குறேன். வெள்ளிக்கிழமை வேணும்னா ஸ்கேட்டிங்ல சேத்துடலாம்" என்றார். ஒரு வெள்ளி போனால் மற்ற நாட்களும் மெல்லப் போய்விடும் என்று எனக்கு பயம். "சூரியக் குடும்பம் மட்டும் நான் எடுத்துடுறேனே அக்கா" என்று கெஞ்சினேன்.

நான் படித்த தமிழ்ப்பள்ளியில் சூரியக் குடும்பம் ஒரு சுவர்ப்படமாகத் தொங்கும். கோள்கள் எல்லாம் பந்தியில் உட்கார்ந்த மாதிரி இடித்துக்கொண்டு இருக்கும். வெகுகாலம் சனி நமக்குப் பக்கத்து வீடு என்றே நினைத்திருந்தேன். இந்தப் பிள்ளைகளுக்கு அப்படி ஆகக் கூடாது. யோசித்தபோது ஸ்டேஷன்கள் கண்முன் வந்து நின்றன. தாம்பரத்தைச் சூரியனாக வைத்து, பூமியை ஒரு கிலோமீட்டரில் வைத்தால், வியாழன் பல்லாவரத்துக்குக் கொஞ்சம் முன்னால் வருகிறது. சனி மீனம்பாக்கம். யுரேனஸ் கோடம்பாக்கம். நெப்டியூன் பீச் ஸ்டேஷனைத் தாண்டிக் கடலிலேயே விழுகிறது! இந்த அளவில் சூரியன் மூன்று மாடி உயரம், பூமி ஒரு பெரிய கமலா ஆரஞ்சு. வியாழனுக்கு ஷீலா அக்கா உடற்பயிற்சி செய்யும் அந்தப் பெரிய ரப்பர் பந்து அப்படியே பொருந்தியது. அவருக்குப் பல்லாவரத்தில் ஒரு வேலை இருந்தது. முன்னால் போய்ப் பந்தோடு பிளாட்பாரத்தில் நிற்பதாக ஒப்புக்கொண்டார்.

அன்று காலை தாம்பரம் ஸ்டேஷனில் கூட்டம் அலைமோதியது. ஒரு வண்டியின் மகளிர் பெட்டி மட்டும் காலியாக இருந்தது. நமக்குத்தான் காலி இடத்தைக் கண்டால் விடமாட்டோமே! மூன்று பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு ஏறிவிட்டேன். காலை நேரத்தில் காலியாக ஒரு வண்டி வந்தால் அது நகரத்துக்கு எதிர்த்திசையில் போகிறது என்று இங்கே எல்லாருக்கும் தெரியும், என்னைத் தவிர. ஆரஞ்சை மடியில் வைத்தபடி, "இதோ செவ்வாய் தாண்டியாச்சு!" என்று நான் கத்திக்கொண்டிருந்தேன். எதிரே மீன் கூடையோடு உட்கார்ந்திருந்த பெண்மணி பொறுக்கமாட்டாமல் கேட்டார்.

"எங்கம்மா போறீங்கோ?"

"பல்லாவரம் அக்கா."

"பல்லாவரமா? இது செங்கல்பட்டு போய்கினு கீது! எறங்கு, எறங்கு, வண்டலூர் வந்துச்சி."

இறங்கினோம். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. போன் அடித்தது. ஸ்பீக்கரில் ஷீலா அக்காவின் குரல், அதற்குப் பின்னால் யாரோ, "இன்னாமே அது, பூசணிக்காயா?" என்று பந்தைப் பற்றி விசாரிக்கும் சத்தம்.

"எங்கம்மா இருக்கீங்க? எல்லாரும் என்னையே பாக்குறாங்க."

"வண்டலூர்ல அக்கா. வண்டி மாறி ஏறிட்டேன்."

ஆன்லைன் வகுப்புக்கு அவர் மனதில் பணம் கட்டிவிட்டார் என்றே நினைத்தேன். யாழினி என் போனில் வரைபடத்தைத் திறக்கச் சொன்னாள். தாம்பரத்தில் ஒரு விரல், பல்லாவரத்தில் ஒரு விரல் வைத்து அளந்தாள். அதே விரல்களை வண்டலூர் பக்கம் திருப்பினாள், அதே தூரம். பிறகு போனை வாயருகே கொண்டுபோனாள்.

"ஆன்டி, வியாழன் ஒரே இடத்துல நிக்காதுலா. சூரியனைச் சுத்த பன்னெண்டு வருஷம். நீங்க அப்படியே சுத்தி வந்தா ஆறு வருஷத்துல வண்டலூருக்கு வந்துருவீங்க. நாங்க சரியான இடத்துலதான் நிக்கிறோம், சீக்கிரமா வந்துட்டோம்!"

ஷீலா அக்கா சிரித்த சிரிப்பில் ஸ்பீக்கர் அதிர்ந்தது. "ஆறு வருஷம்லாம் என்னால பந்தைப் பிடிச்சிக்கினு நிக்க முடியாதுடி. அடுத்த வண்டியில வர்றேன், அங்கேயே இருங்க!"

வந்தார், பந்தைக் கட்டிப்பிடித்தபடி. பிள்ளைகள் பிளாட்பாரத்தில் அவரைச் சுற்றிக் கும்மாளமிட்டார்கள். ஜோயலுக்கு ஒரே கேள்வி: அப்படியானால் சனி பெரும்பாக்கம் பக்கமும் போகுமா, யுரேனஸ் கோவளத்தில் படகுகளுக்கு மேலே வருமா? "வரும்லா, வட்டம்தானே" என்று பதில் சொன்னது யாழினி. மற்ற இரண்டு பேரும் அந்த மலேசிய 'லா'வை அப்படியே பிடித்துக்கொண்டார்கள். பள்ளியில் தன் மலேசியத் தமிழுக்காகக் கூனிக் குறுகிய பெண் இப்போது அதை ஊருக்கே கற்றுக்கொடுக்கிறாள். ஷீலா அக்கா என் பக்கம் திரும்பி, "அடுத்த வெள்ளி என்ன பாடம்? திரையைக் கழட்டி வெச்சிடவா?" என்றார்.

பசி வந்ததும் ஜெனி பூமியைச் சாப்பிடலாம் என்றாள். உரிப்பதற்கு முன் யாழினி பேனாவால் ஆரஞ்சில் இரண்டு புள்ளிகள் வைத்தாள், ஒன்று தாம்பரம், ஒன்று சுங்கைப்பட்டாணி. விமானத்தில் நான் அழுதுகொண்டே கடந்த கடல், அங்கே ஒரு விரல் அகலம்தான் இருந்தது. சுளைகளை ஐந்து பேரும் பங்கிட்டுக்கொண்டோம். இரண்டு புள்ளியும் ஒரே தோல் துண்டில் வந்தன. அதை மட்டும் நான் தூக்கிப்போடவில்லை.

இப்போது அது எங்கள் சமையலறை ஜன்னலில் இருக்கிறது. காயக் காயத் தோல் சுருங்குகிறது. காலையில் தேநீர் போடும்போது பார்க்கிறேன், இரண்டு புள்ளிகளும் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்தில் வந்துகொண்டிருக்கின்றன.