அக்காவைக் கேட்காமல் ஏற்றிய பாட்டு

போன வருடம் ஆனி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், கோவில்பட்டி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள டீக்கடையில் கூடினோம். பழைய கச்சேரிக் குழு ஒன்றில் கீபோர்டு வாசித்த அண்ணாச்சி வந்திருந்தார். டோலக் வாசித்தவர் தன் லோடு ஆட்டோவை ஓரங்கட்டிவிட்டு வந்தார். மேடையில் பாடிக்கொண்டே அறிவிப்பும் செய்தவர், இப்போது கடலைமிட்டாய்க் கடை வைத்திருப்பவர், அவரும் இருந்தார். வராதவர் அந்தக் குழுவில் பாடிய அக்கா மட்டும்தான். கல்யாணமாகி புதியம்புத்தூர் போய், அங்கே ஒரு ரெடிமேட் யூனிட்டில் தைத்துக்கொண்டிருந்தார்.

நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் எங்கள் பக்கம் அம்மன் கோவில் கொடைத் திருவிழா என்றால் இவர்களுடைய இன்னிசைக் கச்சேரிதான். அம்மா தீப்பெட்டி ஆபீஸிலிருந்து அன்றைக்கு மட்டும் சீக்கிரம் வந்து, சோறாக்கி இறக்கிவிட்டு, முன்னால் போய் இடம் பிடித்துவிடுவாள். சினிமாப் பாட்டுகளுக்கு நடுவே கீபோர்டு அண்ணாச்சி தானே எழுதி மெட்டுப் போட்ட பாட்டு ஒன்றும் வரும். கரிசல்காட்டில் முதல் மழை விழுவதைப் பற்றியது. அக்கா அதை எடுத்ததும், அதுவரை கடலை கொறித்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்த கூட்டம் அப்படியே அடங்கிவிடும். பிறகு ஊருக்கு ஊர் டிஜே செட் வந்தது. குழு கலைந்துவிட்டது.

எங்கள் வீட்டில் கல்லூரி வரை போன முதல் ஆள் நான். கம்ப்யூட்டர் படித்தேன். ஒரு மைக்செட்காரரிடம் அந்தக் கச்சேரிக் கேசட்டுகள் ஒரு பை நிறையக் கிடப்பதாகத் தெரிந்ததும், கெஞ்சி வாங்கி வந்துவிட்டேன். முதலில் எடுத்த கேசட்டிலேயே மழைப் பாட்டு இருந்தது. லேப்டாப்பில் ஏற்றி, இரைச்சலைக் குறைத்து, யூடியூபில் போடலாமா என்று கேட்கத்தான் அவர்களை அழைத்திருந்தேன்.

"போடுலே. பைக்குள்ள கெடந்து பூசணம் பிடிக்கதுக்கு நாலு பேரு கேக்கட்டுமே" என்றார் டோலக்காரர்.

"அக்காகிட்ட ஒரு வார்த்தை...?"

"அந்தப் பிள்ளை என்ன சொல்லப் போவுது? சந்தோஷந்தான் படும். நான் சொல்லிக்கிடுதேன்" என்றார் கீபோர்டு அண்ணாச்சி.

"நீரா? உம்ம போனுக்கு ரீசார்ஜ் பண்ணி எத்தனை மாசம் ஆச்சு?" என்று கடலைமிட்டாய் அண்ணாச்சி வாரினார். எல்லோரும் சிரித்தோம். அந்தப் பேச்சு அதோடு நின்றுபோனது.

பாட்டு பரவியது. வாட்ஸ்அப்பில் சுற்றியது, டவுன் பஸ்ஸில் ஒலித்தது. அந்தக் கரகரப்புக் குரலில் ஒரு ஏக்கம் இருக்கிறது என்று யார் யாரோ எழுதினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்போதுதான், வீடியோவுக்குக் கீழே நான் கொடுத்திருந்த நம்பரைப் பார்த்து அக்கா கூப்பிட்டார்.

"தம்பி, அந்தப் பாட்டைப் பாடுனவ பேசுதேன். நான் பாட்டுக்குத் தைச்சிக்கிட்டு இருக்கேன், சூப்பர்வைசர் ஸ்பீக்கர்ல என்னையவே போடுதாரு. யாரைக் கேட்டுப் போட்டீங்க?"

மேடையில் பாடிய விஷயம் புகுந்த வீட்டுக்குத் தெரியாது போல, ஒரு குடும்பத்தில் தீ வைத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

"மன்னிச்சிருங்கக்கா. வீட்டுல ஏதும் பிரச்சினையா?"

"வீட்டுல என்ன பிரச்சினை? எங்க வீட்டுல அவிய, என் பாட்டைக் கேட்டுட்டுத்தான் பொண்ணு கேட்டே வந்தாவ."

"பிறகு எதுக்குக்கா...?"

"அன்னைக்கு எனக்குக் காய்ச்சல் தம்பி. தொண்டை கட்டிப்போச்சு. மேல போக வேண்டிய இடத்துலல்லாம் கீழயே சமாளிச்சுக்கிட்டுக் கெடக்கேன். எத்தனை மேடை பாடுனேன், அதுல ஒண்ணுகூடவா உங்களுக்கு அம்புடலை? இங்கன ஒரு பட்டன் காஜா கோணலாப் போனாலே பீஸைத் திருப்பிருவோம். இனி காலத்துக்கும் நான் இப்படித்தான் பாடுவேன்னு ஆயிரும்லா?"

எல்லோரும் ஏக்கம் என்று கொண்டாடியது அவருடைய காய்ச்சலை. நானும்தான்.

நல்ல பதிவு கிடைத்தால் மாற்றிவிடுகிறேன், கிடைக்காவிட்டால் எடுத்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு, அடுத்த ஞாயிறு பையோடும் டேப்போடும் அவர் வீட்டுக்குப் போனேன். ஒவ்வொரு கேசட்டாகப் போட்டுப் பார்த்தோம். மைக்செட்காரர் பாதிக்கு மேற்பட்டவற்றில் பாட்டை அழித்துத் தேர்தல் பிரச்சாரத்தைப் பதிந்து வைத்திருந்தார்; மற்றவற்றில் சினிமாப் பாட்டுகள்தான். பல்லவி முடிவதற்குள் 'வாக்காளப் பெருமக்களே' என்று ஒரு குரல் குறுக்கே பாயும்.

"உன்னைவிட ஓட்டுக் கேக்கவனுக்குச் சுதி நல்லா நிக்கிதுட்டி" என்று அவர் வீட்டுக்காரர் கேலி செய்தார். முதலில் சிரித்தோம். பை காலியாகக் காலியாகச் சிரிப்பும் குறைந்தது.

கடைசிக் கேசட்டில் மழைப் பாட்டு இருந்தது. காய்ச்சல் இல்லாத குரல். சிறு வயதில் நான் கேட்டது இதைத்தான் என்று உடம்பே சொன்னது. சரணத்தில் குரல் மேலே ஏறத் தொடங்கிய இடத்தில், 'அன்பார்ந்த தாய்மார்களே' என்று வெட்டியது. சட்டென்று டேப்பை நிறுத்தினேன்.

நின்ற இடத்திலிருந்து அக்கா பாடினார். கீபோர்டு இல்லை, டோலக் இல்லை. குரல் வயதுக்குத் தகுந்தபடி கனத்திருந்தது. ஆனாலும் அந்த மேல் இடத்துக்குப் போய், அங்கே கொஞ்ச நேரம் நின்று, மெதுவாக இறங்கியது. அவர் வீட்டுக்காரர் வாசலில் போய் நின்றுகொண்டு தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொரு தடவை பாடுதியளாக்கா? பதிஞ்சுக்கிடட்டுமா?"

"வேண்டாம் தம்பி. நீ கேட்டேல்லா, போதும். நீ போட்டதை மட்டும் எடுத்திரு."

அன்றே எடுத்துவிட்டேன். விஷயம் தெரிந்து கீபோர்டு அண்ணாச்சி அந்த டீக்கடை வாசலில் என்னை மறித்தார். "அது என் பாட்டுலே. அவ தொண்டைக்காக என் பாட்டையும்லா சேர்த்து அழிச்சிட்ட!" அவர் சொன்னதும் நியாயம்தான். அந்தப் பாட்டுக்கு வேறு முழுப் பதிவு கிடையாது. அதன்பிறகு என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

யார் யாரோ இறக்கி வைத்த பிரதிகள் இன்னும் சுற்றுகின்றன. டவுன் பஸ்ஸில் எப்போதாவது அந்தக் காய்ச்சல் குரல் கேட்கும். பக்கத்து சீட்டுக்காரர் "என்னா குரல்யா!" என்பார். இது அக்காவின் நிஜக் குரல் இல்லை என்று சொல்ல வாயெடுப்பேன். சொல்லி எப்படி நம்பவைப்பது என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். கேட்டிருந்தால் ஒரு வார்த்தைதான் செலவு. கேட்காமல் விட்டதற்கு விலையாக அண்ணாச்சி தன் பாட்டையும், நான் அண்ணாச்சியையும் கொடுத்திருக்கிறோம்.