எசி அன்ரி ஊற்றிய தண்ணீர்

காய்ந்த மண்ணில் ஒரு கிளாஸ் தண்ணீர் விழுந்ததும் எழும்பும் மணம்தான் என் பன்னிரண்டாம் வயதுக் காலைகளின் மணம். இத்தாலியின் பலெர்மோ நகரில், ஒரேத்தோ ஆற்றுப் பக்கம் நாங்கள் குடியிருந்த மாடிக் கட்டடத்தின் பின்முற்றத்தில், யாரோ சீமெந்து பூச மறந்துவிட்டுப் போன ஒரு பாயளவு மண் இருந்தது. அடுத்த வீட்டு எசி அன்ரி, சியாகுல்லித் தோட்டங்களுக்கு மண்டரின் தோடம்பழம் பிடுங்கப் போகும் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவதற்கு முன், செருப்பைக் கழற்றிவிட்டு அந்த மண்ணோரம் நின்று, கையிலிருந்த கிளாஸை மெல்லச் சரித்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றுவார். ஒவ்வொரு தரம் ஊற்றும்போதும் ஒரு பெயர் சொல்வார். மொத்தம் ஏழு பெயர்கள். கடைசிப் பெயர் 'கோஃபி'. அந்தப் பெயருக்கு மட்டும் கிளாஸில் மிச்சமிருக்கும் தண்ணீர் முழுவதும் போகும். பிறகு சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு ஓடுவார்.

எசி அன்ரி கானா நாட்டுக்காரர். எங்களைப் போலவே கத்தோலிக்கர், சொல்லப்போனால் மன்னாரிலிருந்து வந்த என் அம்மாவைவிடப் பக்தி கூடியவர். எந்த மழைக்கும் ஞாயிற்றுக்கிழமைப் பூசையை விடமாட்டார். அம்மா ஓர் இத்தாலியச் 'சிஞ்ஞோரா', அதாவது சீமாட்டி, வீட்டில் துடைத்து மெழுகி இருட்டுப்படத்தான் வருவார், அப்பாவுக்கு உணவகக் குசினியில் வேலை. பள்ளிக்கூடம் விட்டு வரும் எனக்குச் சோறு போட்டவரும், மண்டரின் தோல் மணக்கும் விரல்களால் தலை பின்னிவிட்டவரும், 'பெர்மெஸ்ஸோ' என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க அம்மாவோடு போய்ப் பொலிஸ் கந்தோர் வரிசையில் நின்று எங்களுக்காகச் சண்டை பிடித்தவரும் அவர்தான்.

கோஃபி யார் என்று ஒருநாள் கேட்டேன். அவர் இத்தாலிய மொழியில் சொன்ன பதிலை என் மனம் எங்கள் வீட்டுத் தமிழில்தான் வைத்திருக்கிறது. "என்ர தம்பி. நான்தான் இஞ்சை வா எண்டு கூப்பிட்டனான். வாற வழியிலை பாலைவனத்துக்குள்ளை லொறி நிண்டு போச்சு. தண்ணி இல்லாமல் செத்தவன், பிள்ளை. குழியும் இல்லை, சிலுவையும் இல்லை. நான் குடுக்காட்டி ஆர் குடுக்கிறது?" யேசு கோபிக்கமாட்டாரா என்று, மறைக்கல்வி வகுப்பில் படித்த கெட்டித்தனத்தில், மறுபடி கேட்டேன். அவர் சிரித்தார். "ஏன் கோபிக்கிறார்? சுவிசேஷத்தின்ர முதல் பக்கத்தைத் திறந்து பார், அவரின்ர பாட்டன் பூட்டன்ர பேர்தான் வரிசையாக் கிடக்கு."

அடுத்த வைகாசியில் எனக்குக் கோயிலில் உறுதிபூசுதல் சடங்கு. அன்று என் தோளில் கைவைத்து நிற்கும் ஞானத்தாய் எசி அன்ரிதான் என்று அம்மா முடிவு செய்தபோது, "தமிழ்ச் சனத்திலை ஆரும் கிடைக்கேல்லையோ?" என்று கோயில் வாசலிலேயே கேட்டார்கள். "என்ர பிள்ளையைப் பாக்கிறது அவதான். நீங்களோ பாக்கிறியள்?" என்று கேட்டுவிட்டு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கோயிலுக்குள் போனார். வெள்ளைப் புறாக்கள் அச்சடித்த நீலத்துணி ஒன்றைத் தன் ஊரிலிருந்து எடுப்பித்து, அந்த நாளுக்கென்று எசி அன்ரி தைத்து வைத்தார். என் அம்மாவைப் பற்றி நான் பெருமைப்பட்ட நாட்கள் அவை.

எல்லாவற்றையும் கெடுத்தவள் நான். அந்த வைகாசிக்கு முந்திய கார்த்திகை மாதம், சகல ஆத்துமாக்களின் நாள். பலெர்மோவில் அன்று காலை செத்தவர்கள் வந்து பிள்ளைகளுக்குப் பரிசு வைத்துவிட்டுப் போவார்கள் என்பது இங்குள்ள வழக்கம். எங்கள் மறைக்கல்வி ரீச்சரும், செத்துப்போன தன் மாமியார் கொண்டுவந்தது என்று சொல்லி, ஆளுக்கொரு சீனிப் பொம்மை தந்தார். உங்கள் வீடுகளில் செத்தவர்களை எப்படி நினைக்கிறீர்கள் என்று கேட்டார். முன்வாங்கில் இருந்தவள் கையை உயர்த்த முன் நான் எழும்பிவிட்டேன். தண்ணீர்க் கிளாஸைச் சரிப்பதுபோல் கையைச் சரித்து, ஏழு பெயரையும் ஒரே மூச்சில் சொல்லிக்காட்டினேன். ரீச்சரின் முகம் மாறியது. 'மூடநம்பிக்கை' என்பதற்கான இத்தாலியச் சொல்லை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

இதில் என்னை இன்றும் அரிப்பது, அன்று நான் சொல்லாமல் விட்டதுதான். கடலுக்குப் போய்க் கரை திரும்பாத தன் அண்ணனுக்கு அம்மா வருடா வருடம் சோறும் மீன்குழம்பும் ஒரு கோப்பை பிளேன்ரீயும் படைத்து, அறையை அரைமணி நேரம் சாத்தி வைப்பார். அந்த மாமாவுக்கும் குழி இல்லை. "உதை வெளியிலை கதைக்கக் கூடாது" என்று அம்மா சொல்லியிருந்தார்; நானும் கதைக்கவில்லை. எசி அன்ரி அப்படி எதுவும் சொல்லி வைக்கவில்லை. மறைக்க வேண்டிய விஷயம் என்று அவர் நினைத்ததே இல்லை.

பங்குச் சுவாமியார் நல்ல மனிதர்தான். ரீச்சர் சொல்லிக் கேள்விப்பட்டு, அம்மாவையும் எசி அன்ரியையும் அழைத்து, தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தினால் ஞானத்தாயாக நிற்பதற்கான கடிதம் தருவேன் என்றார். கதவுக்கு வெளியே நின்ற எனக்கு எல்லாம் கேட்டது. அம்மா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நானும் என் அண்ணனுக்குப் படைக்கிறேன் சுவாமி, என்று ஒரே ஒரு வார்த்தை. சொல்லவில்லை.

எசி அன்ரி ஊற்றுவதை எனக்காக நிறுத்திப் பார்த்தார். ஏழு நாட்கள் அந்த மண் காய்ந்து கிடந்தது. எட்டாம் நாள் காலை மணம் வந்தது. கட்டிலில் கிடந்தபடியே அழுதேன். அன்று பின்னேரம் என் தலையைப் பின்னிக்கொண்டே அவர் சொன்னார்: "ஏழு பேரையும் பிழையில்லாமல் சொன்னியாமே, சுவாமி சொன்னவர்." குரலில் கோபம் ஒரு துளியும் இல்லை. ஏசியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

அம்மா பிரான்காச்சோப் பகுதியிலிருந்து ஒரு தமிழ் அன்ரியைப் பிடித்து வந்தார். "எங்கட பேர் கெடக்கூடாது, பிள்ளை" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். உறுதிபூசுதல் அன்று, முன்பின் அறியாத ஒரு கை என் தோளில் இருக்க, நான் திரும்பிப் பார்த்தேன். கடைசி வாங்கில் நீலத்துணியும் வெள்ளைப் புறாக்களுமாக எசி அன்ரி நின்றுகொண்டிருந்தார். அடுத்த வருடம் வேலை தேடி வடக்கே போய்விட்டார். கொஞ்சக்காலம் வந்த தொலைபேசி அழைப்பும் பிறகு நின்றுபோனது.

இப்போது அதே கோயிலில் வருடத்துக்கொரு முறை ஆபிரிக்கர்களின் பூசை நடக்கிறது, மேளமும் ஆட்டமுமாக. சென்ற வருடம் பிரசங்கம் வைத்த இளம் ஆபிரிக்கச் சுவாமியார், முன்னோரை நினைப்பது விசுவாசத்துக்கு விரோதமில்லை என்று சொன்னபோது எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குக் கை எழவில்லை.

அம்மா போய் எட்டு மாதமாகிறது. கடைசி நாட்களில், "அவவுக்காக நான் அண்டைக்கு வாய் திறந்திருக்கலாம்" என்று ஒரே ஒருதரம் சொன்னார். யாரைச் சொல்கிறார் என்று நான் கேட்கத் தேவை இருக்கவில்லை. போன வாரம் பழைய கட்டடத்துக்குப் போனேன். அந்தப் பாயளவு மண் இல்லை. சீமெந்து பூசி மோட்டார் சைக்கிள்கள் நிறுத்தியிருக்கிறார்கள். ஆனாலும் செருப்பைக் கழற்றிவிட்டுப் போத்தல் தண்ணீரைச் சரித்தேன். அம்மாவின் பெயரைச் சொன்னேன், மாமாவின் பெயரைச் சொன்னேன். அன்று ஒரே மூச்சில் ஒப்புவித்த ஏழில் ஆறு பெயர்கள் எனக்கு மறந்துபோயிருந்தன. கோஃபி மட்டும் இருந்தான். மிச்சத் தண்ணீரை எல்லாம் அவனுக்கு ஊற்றினேன். மணம் எதுவும் எழவில்லை, தண்ணீர் சீமெந்தில் வழிந்து வடிகாலுக்குள் போனது. இன்னும் ஒரு பெயர் வாய்வரை வந்து நின்றது. அது செத்தவர்களுக்கு மட்டும் ஊற்றும் தண்ணீர். எசி அன்ரியின் பெயரை அதில் சேர்க்கலாமா கூடாதா என்று எனக்குத் தெரியவில்லை.