படிக்கத் தெரியாத திரை

பாலக்காடு பக்கம் கஞ்சிக்கோட்டில் இரும்பு உருக்கும் கம்பெனி ஒன்றில் பத்தொன்பது வருடமாக உலையடியில் நிற்கிறேன். மணிக்கொரு தடவை உலையின் சூட்டை நோட்டில் எழுதுவது என் பொறுப்பு. போன வருடம் நோட்டை எடுத்துவிட்டு டேப்லெட் கொடுத்தார்கள். அதில் எல்லாமே மலையாளம்.

நான் கேரளத்துக்குள்ளேயே தமிழ் பேசுகிற எருத்தேன்பதிக்காரன், தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவன். மலையாளம் தண்ணீர்பட்ட பாடாகப் பேசுவேன். ஓர் எழுத்துகூடப் படிக்கத் தெரியாது. கம்பெனியில் அது ஒருவருக்கும் தெரியாது. சொல்லிக்கொடுக்க வந்தவர் புரிந்ததா என்று கேட்டபோது முதலில் தலையாட்டியவன் நான். இன்னொரு தடவை சொல்லச் சொன்ன ஒடிசாக்காரரை, இதுகூடத் தெரியாமலா வேலைக்கு வந்தாய் என்று திட்டியவனும் நான்தான்.

அதன்பிறகு ஒவ்வொரு மணி நெருங்கும்போதும் டேப்லெட்டை எடுப்பதும் வைப்பதுமாக இருப்பேன். வீட்டில் சோற்றுத்தட்டைத் தள்ளிவிட்டு எல்லோர் மேலும் எரிந்து விழுவேன். பக்கத்தில் பேக்கிங்கில் ஓர் அம்மா இருந்தார். எங்கள் ஊர்ப்பக்கம்தான், மலையாளத்தில் படித்தவர். காய்த்துப்போன விரலுக்கு இந்தத் திரை கேட்கமாட்டேன் என்கிறது என்று அவரிடம் புளுகினேன். அவரும் நம்பி, மணிக்கொரு தடவை தன் வேலையை விட்டுவிட்டு வந்து சூட்டுக் கணக்கை அதில் ஏற்றிக் கொடுத்தார். ஆறு மாதம்.

ஒரு நாள் அவர் சாப்பிடப் போயிருந்தார். திரையில் ஏதோ கேள்வி வந்தது. கீழே இரண்டு கட்டம். ஒன்றை அமுக்கினேன். அன்றைய கணக்கு முழுக்க அழிந்துபோனது.

கணக்கை அழித்தது யார் என்று மேனேஜர் எல்லோர் முன்னாலும் கேட்டார். என் வாய் யோசிக்கவே இல்லை. "அந்தம்மாதான் சார் அடிக்கடி வந்து தொடுவாங்க" என்றேன். தொட்டதைப் பார்த்தவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். அந்த அம்மா என்னைப் பார்த்தார். அன்றைக்கே அவரைப் பின்னால் பழைய இரும்பு பிரிக்கிற வெயிலுக்கு அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் அதே கேள்வி திரையில் வந்தது. வெட்கம் கெட்டவன், டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு அவரிடமே போனேன். துரு படிந்த கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தார்.

"எல்லாத்தையும் அழிக்கட்டுமான்னு கேக்குதுங்ண்ணா. நேத்தும் இதையேதான் கேட்டிருக்கும்."

இல்லை என்கிற கட்டத்தை அமுக்கித் திருப்பிக் கொடுத்தார்.

"படிக்கத் தெரியாதுன்னு சொல்லியிருந்தா நானே சொல்லிக் குடுத்திருப்பனுங்க. அதுக்கென்னங்க இப்ப."

குனிந்து மறுபடி இரும்பைப் பிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

திரும்பும் வழியில்தான் மேனேஜர் அறை. கதவு திறந்தே இருந்தது. அதைத் தாண்டி உலைக்குப் போய்விட்டேன். அந்த அம்மா இன்னமும் வெயிலில்தான் நிற்கிறார்.