பேருந்து நிறுத்தத்தில் வெல்கோவின் முகம்

வெல்கோ நல்லவன் என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கஞ்சன், சிடுமூஞ்சி, காலையில் யாரையாவது திட்டாமல் அவனுக்குக் காபி இறங்காது. ஆனால் அவனுக்கு நாங்கள் செய்ததை ஒரு நாய்க்கும் செய்யக்கூடாது. நாங்கள் என்றால் நானும்தான். பசை தடவி ஒட்டியது என் கை.

விதின் நகரத்துக்குப் போகும் சாலையில் எங்கள் அச்சகம். ஒயின் பாட்டில் லேபிளும் மரண அறிவிப்பும்தான் பிழைப்பு. ஒருவர் செத்தால் கறுப்புக் கட்டம் போட்ட தாளில் அவர் முகம் வீட்டுக் கதவிலும் மரத்திலும் பேருந்து நிறுத்தத்திலும் ஏறும். நாற்பதாம் நாள் மறுபடி, ஆறாம் மாதம் மறுபடி, அப்புறம் வருடா வருடம். நான் தாள் வெட்டுகிறவள். வெல்கோ முப்பத்தொரு வருடமாக, முகமும் எழுத்தும் பதிகிற அச்சுத் தகடு போடுகிறவன். ஓய்வூதியத்துக்கு இன்னும் இரண்டே வருடம். அதற்குள் வேலை போனால் அந்த வயதில் அவனை யார் சேர்ப்பார்கள்?

தகடு போடத் தேவையான பிலிம் கடையில் கிடைப்பது நின்றுபோனது. கணினியிலிருந்து நேராகத் தகடு போடும் லேசர் மெஷின் வாங்குவதென்று முதலாளி ஸ்தமேனா முடிவு செய்தாள். இரண்டு மெஷின்கள் பேச்சில் இருந்தன. ஒன்று பிளாஸ்டிக் தகடு போடுவது. விலை குறைவு, ஆனால் ஒவ்வொரு தகட்டையும் மருந்து போட்டுத் துடைக்க வேண்டும், அழுக்குப் புள்ளியைச் சுரண்ட வேண்டும். அதற்கு ஓர் ஆள் வேண்டும். மற்றது உலோகத் தகடு. பொத்தானை அமுக்கினால் போதும், ஸ்தமேனாவே செய்துகொள்வாள்.

"நீங்களே சொல்லுங்க வெல்கோ அண்ணே. உங்க தொழிலாச்சே," என்றாள். எல்லாம் தெரிந்துதான் கேட்டாள், பாதகி.

"பிளாஸ்டிக்கே போதும்மா. எதுக்கு வீண் செலவு?"

"மூஞ்சி திட்டுத் திட்டா வருமாமே?"

"சுவத்துல ஒட்டுறதுதானே? யாரு பக்கத்துல போய் மூஞ்சியப் பாக்குறா? ஒருத்தனுக்கும் வித்தியாசம் தெரியாது."

பச்சைப் பொய். அந்த இரண்டு வருடத்துக்காகச் சொன்ன பொய்.

"அப்ப ஒட்டியே பாத்துடலாம்," என்று ஸ்தமேனா சிரித்தாள். "ஊருக்கே தெரிஞ்ச மூஞ்சி வேணும். உங்க மூஞ்சிய விட்டா வேற ஏது?"

கைபேசியில் அவனைப் படம் பிடித்தாள். கறுப்புக் கட்டம் போட்டு, பெயரை மட்டும் விட்டுவிட்டு, இரண்டு கம்பெனிக்கும் அனுப்பினாள். மாதிரித் தகடுகள் வந்தன. வெல்கோ மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் பொய்யின் சாயம் வெளுத்துவிடும். தன் மரண அறிவிப்பைத் தானே அச்சடித்துக் கொடுத்தான்.

திங்கட்கிழமை பிளாஸ்டிக் தகட்டில் அடித்ததைப் பேருந்து நிறுத்தத்தில் ஒட்டினேன். வெல்கோ செத்தானா என்று ஒருவரும் வந்து விசாரிக்கவில்லை. மாலையில் வெல்கோ பேருந்துக்கு நின்றபோது ரொட்டிக்கடை ரதோஸ்தீனா அவனிடமே கேட்டாள்: "யாருண்ணே இது, பாவம்? பேரக்கூடப் போடாம விட்டுட்டாங்க!"

"தெரியலம்மா," என்றிருக்கிறான்.

செவ்வாய்க்கிழமை காலை அதே இடத்தில் உலோகத் தகட்டில் அடித்ததை ஒட்டினேன். தாடையிலிருந்த வெட்டுத் தழும்புகூடத் தெளிவாக விழுந்திருந்தது. பதினோரு மணிக்கு அச்சகக் கதவைத் தள்ளிக்கொண்டு அவன் அக்கா ஸ்லவ்கா வந்தாள். வீட்டைப் பிரித்த சண்டையில் ஆறு வருடமாக அவனோடு பேச்சில்லை. தலையில் கறுப்புத் துணி. கையில் நான்கு சாமந்தி. எங்கள் ஊரில் இரட்டைப்படையில் பூ என்றால் அது செத்தவருக்குத்தான்.

"என் தம்பிய எங்க வச்சிருக்கீங்க? எனக்கு ஏன் ஒருத்தரும் சொல்லல? பஸ்ஸு ஜன்னல் வழியா அவன் படத்தப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கணுமா?"

வெல்கோ துடைக்கும் துணியோடு உள்ளேயிருந்து வந்தான். "அக்கா..."

அவள் அவனைத் தலைமுதல் கால்வரை பார்த்தாள். பிறகு பூவாலேயே அவன் முகத்தில் அடித்தாள். "வழியெல்லாம் உன்ன மன்னிச்சிட்டேன் மன்னிச்சிட்டேன்னு சொல்லி அழுதுக்கிட்டு வந்தேனேடா! என்னய வச்சு விளையாடுறியா? நீ நெசமா செத்தாலும் இனி வரமாட்டேன், போடா!"

கதவு அறைந்து மூடியது. அவன் குனிந்து நான்கு பூவையும் பொறுக்கினான்.

"பஸ்ஸு ஜன்னல்லேருந்தே அடையாளம் தெரிஞ்சிருக்கு," என்றாள் ஸ்தமேனா. "இதுக்கு மேல என்ன சோதனை வேணும்?" அங்கேயே உலோகக் கம்பெனிக்குப் போன் போட்டாள்.

அடுத்த மாதம் மெஷின் வந்தது, வெல்கோவின் வேலை போனது. அவனுடைய தாளை ஸ்தமேனா கண்ணாடி போட்டுக் கல்லாவுக்கு மேலே மாட்டினாள், வருகிறவர்களுக்கு மாதிரி காட்ட. செத்தவர் படத்தோடு வருகிற ஜனங்கள் அதைக் காட்டி, "இப்படித் தெளிவா வரணும்," என்பார்கள்.

ஒருநாள் வெல்கோ தன் மேலங்கியை எடுத்துப்போக வந்தான். அண்ணாந்து பார்த்தான்.

"அதக் கழட்டிரும்மா," என்றான். வெல்கோ கெஞ்சி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

"இருக்கட்டும் அண்ணே," என்றாள் ஸ்தமேனா. "யாரு பக்கத்துல போய் மூஞ்சியப் பாக்குறா?"

என் பக்கம் திரும்பினான். எனக்கு எட்டுகிற உயரத்தில்தான் அது மாட்டியிருந்தது. நான் தாளை வெட்டிக்கொண்டே இருந்தேன்.