தலைமாடு வைத்துக் கட்டிய பாத்தி

கோச்சடையில் நாங்கள் வீடு கட்டிய மனை, இடித்த கட்டட மண்ணைக் கொட்டி மேடாக்கிய மனை. வாசலில் எங்கே கொத்தினாலும் செங்கல் துண்டும் ஓட்டுச் சில்லும்தான் வரும். நான் ஊன்றிய வெண்டை விதை ஒன்றுகூட அந்த மண்ணை நம்பி வெளியே தலைகாட்டவில்லை.

டி. கல்லுப்பட்டியில் என் நாத்தனார் வீட்டில் செங்கல்லால் சுற்றிக் கட்டி, உள்ளே நல்ல மண்ணை நிரப்பி, கீரையும் கத்திரியுமாக வைத்திருந்தார். மேட்டுப்பாத்தி. அடியில் என்ன மண் கிடந்தாலும் அதற்குக் கவலை இல்லை. கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் நான் ஆசைப்பட்டுக் கேட்டது அது ஒன்றுதான். அதையும் நேராகக் கேட்கவில்லை. நாத்தனாரிடம் சொன்னேன். அவர் தம்பியிடம் சொன்னார். தம்பி என்றால் என் வீட்டுக்காரர்தான்; ஒரே வீட்டில், பக்கத்துத் தட்டில் சோறு தின்கிறவர். நான் அப்படிப்பட்ட ஆள். ஐந்தாம் வகுப்பில்கூட, டீச்சர் கேள்வி கேட்டால் பதில் தெரிந்தாலும் தலையை மட்டும் ஆட்டுவேன்.

கொத்தனார் வந்த அன்று என் வீட்டுக்காரர் ஒரு கல்யாணத்துக்காகத் திருப்பரங்குன்றம் போய்விட்டார். நான் கதவுக்குப் பின்னால் பாதி மறைந்து நின்றுகொண்டு, இரண்டு பக்கமிருந்தும் கை எட்டுகிற மாதிரி அகலம் மூன்றடி, குனிய முடியாததால் உயரம் முழங்கால் அளவு என்று எப்படியோ சொல்லிவிட்டேன். அதற்கே எனக்கு வேர்த்துவிட்டது. மீதி எல்லாவற்றையும் கொத்தனாரே பார்த்துக்கொண்டார்.

"நீளம் ஆறடி வச்சுக்கிருவமா தாயி?"

தலையை ஆட்டினேன்.

"தலைமாட்ட தெக்க வச்சிருவோம். அதுதேன் முறை."

அதற்கும் ஆட்டினேன். செடிக்கு ஏது தலைமாடு என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"தலைமாட்டுல ரெண்டு வரி செங்கல் ஏத்திக் கட்டிட்டா தண்ணி கால்மாட்டுல வடிஞ்சிரும்."

என்ன நேர்த்தியான ஆள் என்று நினைத்துக்கொண்டேன். சாயங்காலம் வந்து பார்த்தால், மூலைகளை உருட்டிப் பூசி, தலைமாட்டில் சின்னதாக ஒரு மாடமும் வைத்திருந்தார். "எப்பவும் வைக்கிறதுதேன் தாயி" என்றார். களைக்கொத்தை வைக்கத் தோதாக இருக்கும் என்று எனக்கு ஒரே சந்தோஷம். கையில் மிச்சம் இருந்த சுண்ணாம்பையும் வீணாக்காமல் வெள்ளையடித்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

இருட்டுகிற நேரத்துக்குத் தாம்பூலப் பையோடு வந்த என் வீட்டுக்காரர் கேட்டுக்குள் ஒரு காலும் வெளியே ஒரு காலுமாக நின்றுவிட்டார்.

"காலையில போயிட்டு இப்பத்தேன வாரேன். அதுக்குள்ள எனக்குக் கட்டிட்டியா?"

அப்போதுதான் நானும் தெருவில் இருந்து பார்த்தேன். பார்த்த பிறகு வேறு எதுவாகவும் அதைப் பார்க்க முடியவில்லை. எதிர்வீட்டு மதினி வந்து, அந்தக் கொத்தனார் பாதி நாள் சுடுகாட்டில்தான் வேலை பார்ப்பார் என்று சிரித்துச் சிரித்துச் சொன்னார். "ஆனா ஒண்ணு மதினி, வேலை சுத்தமா இருக்கும். அவரு கட்டினதுல யாரும் குறை சொல்லி எந்திரிச்சு வந்ததில்ல."

கண்மாய் வண்டலும் ஆட்டுப்புழுக்கையும் கொட்டிக் கத்திரி நாற்று நட்டேன். தலைமாட்டுப் பக்கம் முள்ளங்கி விதை தூவினேன். செடி வளர்ந்துவிட்டால் மறைந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவரைக்கும் வெயில் தாங்கட்டும் என்று என் பழைய பச்சைச் சேலையை மேலே விரித்துக் கட்டினேன். மறுநாள், தர்கா என்று நினைத்து மாடத்தில் யாரோ ஊதுபத்தி செருகியிருந்தார்கள். சேலையை அவிழ்த்துவிட்டேன்.

பூக்கார அக்காவுக்குச் சேலை இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். தினமும் காலையில் கேட்டுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு, கையை நீட்டி மாடத்தில் ஒரு துண்டு கனகாம்பரம் வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போவார். அக்கா, அது கத்திரிக்காய் என்று சொல்ல வேண்டியதுதான். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளி, அவர் தெரு திரும்பியதும் பூவை எடுத்துத் தலையில் வைத்துக்கொள்வேன். கத்திரிக்கு வந்த பூ, வளர்க்கிறவளுக்கு ஆகாதா?

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயமாகவே இருந்திருக்கும். ஆனால் மாடிவீடு காலியாகக் கிடந்தது. மில்லில் இருந்து நின்றபோது வந்த பணத்தையெல்லாம் போட்டு என் வீட்டுக்காரர் கட்டிய மாடி. அந்த வாடகையில்தான் எங்கள் மாதம் ஓட வேண்டும். 'வீடு வாடகைக்கு' என்ற அட்டையைக் கேட்டில் தொங்கவிட்டிருந்தோம். அட்டையைப் படிக்கிறவர்கள் எல்லாரும் அதற்கு அடுத்ததாகப் பாத்தியைப் பார்த்தார்கள்.

முதலில் வந்த குடும்பத்தில் ஒரு மாமியார் இருந்தார். மாடி, தண்ணீர்த் தொட்டி, அடுப்படி எல்லாவற்றையும் பார்த்துத் தலையாட்டிவிட்டு, போகிறபோது, "வீடு நல்லாத்தேன் இருக்கு. ஆனா எங்க வீட்டுல பிள்ளைக இருக்கு பாருங்க, ராத்திரில பயப்படும்" என்றார். பிள்ளைகள் அதற்குள் பாத்தியைச் சுற்றி ஓடிப்பிடித்து விளையாடிக்கொண்டிருந்தன.

அடுத்து ஒரு கிளார்க் வந்தார். மெதுவான குரலில், "வீட்டுக்காரரா?" என்று பாத்தியைக் காட்டிக் கேட்டார். எது கேட்டாலும் ஆடுகிற என் தலை ஆடிவிட்டது. "எப்பக் காலமானாரு?" என்று அவர் கேட்கும்போதே, காலமானவர் குளித்துவிட்டு இடுப்பில் துண்டோடு பின்பக்கமிருந்து வந்து, "வாங்க, வாங்க" என்றார். அந்த மனிதர் போன வேகத்தில் குடையை எங்கள் வீட்டிலேயே விட்டுவிட்டார்.

அன்று என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. "இந்தா பாரு. முடிவாச் சொல்றேன். அடுத்து வர்றவுகளும் ஓடிட்டாகன்னா, மறுநாளே கடப்பாரைய எடுத்துருவேன். உனக்குக் கத்திரிக்கா வேணும்னா சந்தையில வாங்கித் தாரேன், எம்புட்டு வேணும்னாலும்."

கத்திரி அப்போதுதான் பூ விட்டிருந்தது. ஊதாப் பூ. தண்ணீர் ஊற்றுகிறபோது அதைப் பார்க்க மாட்டாமல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு ஊற்றினேன். அவர் சொன்னதிலும் தப்பில்லையே. மாடிக்கு ஆள் வேண்டும். எனக்குப் பாத்தி வேண்டும். இரண்டுக்கும் நடுவில் நான்கு வார்த்தை பேசினால் போதும். அந்த நான்கு வார்த்தைதான் என்னிடம் இல்லை.

அடுத்து வந்தவர்கள் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சரும் அவர் கணவரும். என் வீட்டுக்காரர் ரேஷன் கடை வரிசையில் நின்றார். வீட்டில் நான் மட்டும். டீச்சர் கழுத்தில் சின்னச் சிலுவை. கேட்டைத் திறந்ததும் பாத்தியைப் பார்த்தார், நெற்றியிலும் மார்பிலும் கையை வைத்து ஒரு சிலுவை போட்டுக்கொண்டார். கணவர் பக்கம் திரும்பினார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். மாமியாரும் கிளார்க்கும் அதே பார்வைதான் பார்த்தார்கள்.

கடப்பாரை எங்கே சாத்தியிருக்கிறது என்பது எனக்கு அந்த இடத்தில் நின்றே தெரிந்தது. வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. உடனே விறுவிறுவென்று போய், பாத்தி விளிம்பில் ஒரு முழங்காலை ஊன்றி ஏறினேன். "ஐயோ அம்மா!" என்றார் டீச்சர். தலைமாட்டில் இரண்டு கையையும் விட்டு ஒரு முள்ளங்கியைப் பிடுங்கி, மண்ணோடு அவர் முகத்துக்கு நேராக நீட்டினேன்.

"பாத்திதாங்க. உள்ள யாரும் இல்ல."

கொஞ்ச நேரம் மூன்று பேரும் முள்ளங்கியைப் பார்த்தோம். பிறகு டீச்சர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "நல்ல வேளைம்மா, நீங்க இழுத்ததும் முள்ளங்கி வந்துச்சு!" என்றார். கணவர்தான் பாவம், கடைசிவரை கேட்டுப் பக்கமே நின்றார். நான் இறங்க முடியாமல் தவித்ததைப் பார்த்து டீச்சரே கைகொடுத்து இறக்கிவிட்டார்.

மாடியைப் பார்த்துவிட்டு வந்து, "வாரோம்மா. ஆனா எனக்கும் இதே மாதிரி ஒண்ணு வேணும், கீரை போட" என்றார். நான் தலையை ஆட்டினேன். இந்த முறை தெரிந்தே ஆட்டினேன்.

என் வீட்டுக்காரருக்கு மாடிக்கு ஆள் வந்த சந்தோஷம். கடப்பாரையைப் பற்றிப் பேச்சில்லை. வேறு கொத்தனாரைக் கூப்பிடலாம் என்று பார்த்தார், யாரும் கிடைக்கவில்லை. அதே ஆள்தான் வந்தார். முதல் பாத்திக்குப் பக்கத்தில், அதே அளவில், தலைமாடு தெற்கே வைத்து, மாடத்தோடு. மாடம் வேண்டாம் என்று சொல்லத்தான் நான் போனேன். போய் நின்றேன், திரும்பி வந்தேன்.

வேலை முடிந்ததும் என் வீட்டுக்காரர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "ஜோடி சேந்துருச்சு. இதுல எனக்கு எதுடி?"

"முள்ளங்கி இருக்கிறது என்னோடது" என்றேன்.

மறுநாள் காலையில் பூக்கார அக்கா கேட்டுக்கு வெளியே நெடுநேரம் நின்றார். "பாவம், ஒண்ணு பின்னால ஒண்ணா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, இரண்டு மாடத்திலும் ஆளுக்கொரு துண்டு கனகாம்பரம் வைத்தார். நீங்களாவது அவரிடம் சொல்லுங்கள் என்று டீச்சரிடம் கேட்டேன். "நீங்க சொல்லுங்கம்மா, உங்க வீடு" என்றார்.

இரண்டாவது துண்டை டீச்சருக்குக் கொடுத்தேன். தலையில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனார்.